செவர்லே 250 ஆறு சிலிண்டர் எஞ்சின்: சிக்கனமாகக் கட்டிய ஹாட் ராடில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

பழைய ஃபோர்டு மாடல் ஏ சட்டத்தின் மீது வீட்டுக் கொட்டகையில் வைத்தே ஹாட் ராட் (வேகத்துக்காக எஞ்சினை மாற்றிக் கட்டிய பழைய கார்) கட்டும் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் வி8 எஞ்சினைத்தான் தேடுகிறார்கள். அதனால் அவர்கள் ஒதுக்கிவைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றில் நான் திரும்பத் திரும்பக் கட்டியதும், நண்பர்களுக்காகத் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததும் 1966-இல் அறிமுகமான செவர்லே 250 ஆகும். 4.1 லிட்டர் கொள்ளளவும், ஏழு மெயின் பேரிங்குகளும், சங்கிலி இல்லாமல் பல்சக்கரமே நேரடியாகச் சுழற்றும் கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு) கொண்ட இந்த எஞ்சின் எளிதில் உடைவதில்லை. கட்டி முடித்தபின் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எஞ்சினின் வயிற்றுக்குள் இருப்பதில்லை. ஒரு வண்டியிலிருந்து வந்த டிஸ்ட்ரிபியூட்டரும் (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் பாகம்), இன்னொரு வண்டியிலிருந்து வந்த ஆயில் பானும் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி), நாமே இழுத்த வயரிங்கும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில்தான் இருக்கின்றன. ஆகவே ஹெட்டைக் கழற்றும் எண்ணம் வரும்போதெல்லாம், கடைசியாக எதைத் தொட்டோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு விலக்கு இரண்டு உண்டு. ஆயில் பிரஷர் காட்டாதபோதும், அடிப்பகுதியிலிருந்து கனமான தட்டல் கேட்கும்போதும் எதையும் ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

உபரியாக உள்ள ஒரு பிளக்கை முதல் சிலிண்டரின் வயரில் மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சின் பிளாக்கைத் தொடும்படி கிளிப்பால் பொருத்திவிட்டு, மற்றொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்ற நீலத் தீப்பொறி வருகிறதா இல்லையா என்பதை வைத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

*தீப்பொறி இல்லை அல்லது மஞ்சளாக மங்கி வருகிறது*

முதலில் எர்த்தைப் பாருங்கள். ஹாட் ராடின் உடல் ஃபைபர்கிளாஸாக இருக்கலாம். எஞ்சினோ ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து பேட்டரிக்கும் தடித்த கேபிள் போகாவிட்டால் மின்சாரம் திரும்பிவர வழியில்லை. பெயின்ட் அடித்த சட்டத்தில் கேபிளை முடுக்கியிருந்தால் அந்த இடத்தை உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள்.

அடுத்து, சாவி ஆன் நிலையில் இருக்கும்போது, தீப்பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலின் பாசிட்டிவ் முனையில் வோல்ட் மீட்டரை வையுங்கள். இங்கே நான் மிக அதிகமாகக் கண்ட தவறு ஒன்று உண்டு. 1970களின் நடுவில் வந்த எச்.இ.ஐ. (High Energy Ignition) எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய பாயின்ட் (திறந்து மூடும் உலோக முனைகள்) டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாகப் போடுபவர்கள், பாயின்ட்டைக் காப்பதற்காக வோல்ட்டைக் குறைக்கும் பழைய ரெசிஸ்டன்ஸ் வயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எச்.இ.ஐ.-க்குப் பேட்டரியின் முழு வோல்ட்டும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தீப்பொறி மங்கும், வேகம் கூடும்போது மிஸ் ஆகும் (இடையிடையே சிலிண்டர் வெடிக்கத் தவறும்). சாவியிலிருந்து புதிய, தடித்த வயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுவதே இதற்குத் தீர்வு.

பாயின்ட் வகையாக இருந்தால் புதிய பாயின்ட்டின் இடைவெளி 0.019 அங்குலம் இருக்க வேண்டும். முனைகள் கருகியிருந்தால் பாயின்ட்டோடு கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள்.

*செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது*

செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்குச் சோலனாய்டு வழியே தனிக் கரண்ட் போகிறது. சாவி திரும்பியதும் ரெசிஸ்டன்ஸ் வயர் வழியே போகிறது. இந்த அறிகுறி வந்தால் அந்த இரண்டாவது பாதை அறுந்திருக்கிறது என்று பொருள். வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

*நல்ல தீப்பொறி வருகிறது, கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது*

டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கலாம். முதல் சிலிண்டரின் பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு எஞ்சினைக் கையால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளி வரும் சுற்றில், கிராங்க்கின் முன்முனையில் உள்ள அதிர்வு தணிக்கும் சக்கரமான டேம்பரின் குறி பூஜ்ஜியத்துக்கு வரும்போது ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் முள்) முதல் சிலிண்டரின் வயரைக் காட்ட வேண்டும். வயர் வரிசை 1-5-3-6-2-4. மேலிருந்து பார்க்கும்போது ரோட்டர் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். வி8 கட்டிப் பழகியவர்கள் இந்த வரிசையில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் எண்களை எழுதிவைப்பது நல்லது.

*நல்ல தீப்பொறி, ஆனால் ஒரு அசைவும் இல்லை*

ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் நின்றிருக்கும்போது ஆக்சிலரேட்டர் லிவரை இழுத்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சவில்லை என்றால் டேங்கிலிருந்து பம்ப் வரை ஒவ்வொரு இணைப்பாகத் தேடுங்கள்.

நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால், மூடியில் காற்றுத் துளை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்ப் தோற்றுப்போகிறது. வேறு வண்டியின் மூடியைப் பொருத்தியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். செலவில்லாத பிழை இது. ஆனால் இதைக் கண்டுபிடிக்கும் முன் மூன்று பம்ப் மாற்றியவரையும் எனக்குத் தெரியும்.

மூடி சரியாக இருந்தால் வெப்பத்தைப் பாருங்கள். இந்த எஞ்சினில் பெட்ரோல் கலவையை உள்ளே கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டு, எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் கார்புரேட்டர் நேராகச் சூட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அணைத்துச் சில நிமிடங்களில் மீண்டும் ஸ்டார்ட் ஆக மறுத்து, ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் பிடித்தால் பெட்ரோல் கொதிக்கிறது. பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தடித்த கேஸ்கட்டும், அதற்குக் கீழே ஒரு அலுமினியத் தகடும் வையுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தால் அழுத்தத்தை அளந்துவிடுங்கள்: ஒற்றை பேரல் ரோச்செஸ்டர் கார்புரேட்டருக்கு 4 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தம்) அளவே போதும், அதைவிட மிகுந்தால் ஊசி வால்வை மீறிப் பெட்ரோல் வழிந்து, சூடான மேனிஃபோல்டின் மேல் கொட்டும். அது தீப்பிடிக்கக்கூடிய நிலை. அழுத்தத்தைக் குறைக்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

ஐடிலில் தடுமாறுகிறது, மிஸ் ஆகிறது

இந்த எஞ்சினில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்த அறிகுறியில்தான். இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்த்து வார்க்கப்பட்ட வகை 1975 முதல் பயணியர் கார்களில் வந்தது. அந்த வகைக்கு இப்பகுதியில் இன்டேக் மேனிஃபோல்டு பற்றிச் சொல்வது பொருந்தாது. மற்ற அனைத்துக்கும் பொருந்தும்.

முதலில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடியுங்கள். இன்சுலேட்டட் இடுக்கியால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, தீப்பொறி எர்த்துக்குப் போகும்படி ஒரு துண்டு வயரில் மாட்டிவிட்டு, எஞ்சின் வேகம் குறைகிறதா என்று கேளுங்கள். எச்.இ.ஐ. வகையில் வயரை எர்த் இல்லாமல் தொங்கவிட்டால் மாட்யூல் கெட்டுவிடும். வேகம் குறையாத சிலிண்டர்தான் உழைக்காத சிலிண்டர்.

*ஒரே ஒரு சிலிண்டர்*

பிளக்கை மாற்றிப் பாருங்கள். பிறகு வயரை மாற்றுங்கள். பிறகு அந்த சிலிண்டரின் ராக்கரைப் பாருங்கள்: கேமின் மேடு டேப்பட்டைத் தூக்க, டேப்பட் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ள, கம்பி ராக்கர் என்ற நெம்புகோலை அசைத்து வால்வைத் திறக்கிறது. ஹைட்ராலிக் டேப்பட்டின் ராக்கர் நட்டை அளவுக்கு மேல் முடுக்கியிருந்தால் வால்வு முழுமையாக மூடாது. வால்வு மூடியிருக்கும் நிலையில் புஷ்ராடை விரல்களால் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே, ஆட்டம் நின்றுபோகும் இடம்வரை நட்டை முடுக்கி, அதற்குமேல் ஒரு முழுச் சுற்று முடுக்க வேண்டும் என்பதே கணக்கு. பிறகும் சரியாகவில்லை என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் (பிளக் துளையில் மீட்டர் வைத்துச் சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது).

*அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள்*

எந்த ஜோடி என்பதுதான் இங்கே விடை. 250-இன் ஹெட்டில் இன்டேக் வழிகள் மூன்றுதான். ஒவ்வொன்றும் இரு சிலிண்டர்களுக்குப் பொது. 1-2, 3-4, 5-6 ஆகிய ஜோடிகளில் ஒன்று சேர்ந்தாற்போல் மிஸ் ஆனால், அந்த வழியின் வாயில் மேனிஃபோல்டு கேஸ்கட் காற்றைத் திருடுகிறது என்று முதலில் சந்தேகியுங்கள். 2-3 அல்லது 4-5 ஜோடியாக இருந்தால் அவற்றுக்குப் பொதுவான இன்டேக் வழி இல்லை. ஆகவே ஹெட் கேஸ்கட் அந்த இரண்டுக்கும் நடுவே எரிந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய கம்ப்ரஷன் டெஸ்ட் போதும்: எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்துவைத்து அளந்தால், கேஸ்கட் எரிந்த ஜோடி இரண்டும் சேர்ந்து தாழ்ந்து காட்டும், மேனிஃபோல்டு ஒழுகும் ஜோடி மற்றவற்றுக்கு இணையாகவே காட்டும். ஆறிலும் மிகத் தாழ்ந்த எண், மிக உயர்ந்ததில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் இருந்தால் கீழ்ப்பகுதியை நம்பலாம்.

மேனிஃபோல்டு என்று தெரிந்தபின் அதைச் சரியாகப் பொருத்துவதில் ஒரு முறை உண்டு. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் நடுவில் ஒன்றோடொன்று போல்ட்டால் பிணைக்கப்பட்டவை. அந்த நடுப் போல்ட்டுகளை முதலிலேயே இறுக்கிவிட்டு இரண்டையும் ஹெட்டில் மாட்டினால், இரண்டின் முகங்களும் ஒரே தளத்தில் உட்காராமல் ஏதாவது ஒரு முனை சற்றே தூக்கி நிற்கும். நடுப் போல்ட்டுகளை விரலால் முடுக்கும் அளவுக்கு மட்டும் வைத்து, இரண்டையும் ஹெட்டில் மையத்திலிருந்து இருபக்கமும் படிப்படியாக இறுக்கி, கடைசியில்தான் நடுப் போல்ட்டுகளை முடுக்க வேண்டும். அப்படியும் ஒழுகினால், நேரான இரும்பு அளவுகோலை முகத்தின் குறுக்கே வைத்துக் கீழே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். கோணல் தெரிந்தால் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தபடியே மெஷினிங் பட்டறைக்குக் கொண்டுபோய் முகத்தைச் சீவச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சீவினால் மீண்டும் பொருந்தாது.

*எல்லா சிலிண்டர்களும் சமமாகத் தடுமாறுகின்றன, குளிரில் மட்டும்*

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எடுத்துவிட்டுக் குழாய் ஹெடர் (தனித்தனிக் குழாய்களால் ஆன எக்ஸாஸ்ட்) போட்டவர்களுக்கு இது வரும். இன்டேக்கின் அடியில் இருந்த சூடு போய்விட்டதால் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் படிகிறது. ரேடியேட்டர் நீரை இன்டேக்கின் அடியில் சுற்றவிடும் வெந்நீர்த் தகடு ஒன்றைப் பொருத்தினால் சரியாகும்.

ஆயில் பிரஷர் இல்லை, அல்லது சூடானதும் விழுகிறது

எஞ்சினை அணைத்துவிட்டு, எலெக்ட்ரிக் மீட்டரை நம்பாமல், குழாய் வழியே நேரடியாக இயங்கும் மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.-க்கும் 10 பி.எஸ்.ஐ. என்ற பழைய கணக்கு சூடான எஞ்சினுக்கு இன்றும் போதுமானது.

*புதிதாகக் கட்டியதில் ஆரம்பத்திலிருந்தே பூஜ்ஜியம்*

இந்த எஞ்சினில் ஆயில் பம்பைச் சுழற்றுவது டிஸ்ட்ரிபியூட்டரின் அடிநுனியில் உள்ள தட்டையான நாக்குதான். அது பம்ப் தண்டின் பிளவுக்குள் இறங்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்து பிளாக்கின் மேல் முழுவதும் படியாமல் கால் அங்குலம் தூக்கி நின்றால் நாக்கு பிளவுக்குள் இறங்கவில்லை. அதைக் கிளாம்பால் அழுத்தி இறக்க முயலாதீர்கள். நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவரால் பம்ப் தண்டைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, கைப்பிடி அறுத்த நீள ஸ்க்ரூடிரைவரை டிரில் மெஷினில் மாட்டிக் கடிகாரத் திசையில் சுழற்றுங்கள். சில நொடிகள் டிரில் வெறுமனே ஓடும். திடீரென்று அதன் குரல் தாழ்ந்து, மணிக்கட்டைத் திருகும் அளவுக்குப் பாரம் ஏறும். மீட்டர் முள் எழும். விடாமல் சுழற்றி, இடையிடையே கிராங்க்கைக் கையால் கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே இருந்தால், பன்னிரண்டு ராக்கர்களின் துளைகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஆயில் ஊறி வரும். ஒரு ராக்கரில் மட்டும் வரவில்லை என்றால் அந்தப் புஷ்ராடைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.

*நேராகப் போகும்போது சரி, திருப்பத்திலோ பிரேக்கிலோ விழுகிறது*

சட்டத்தின் குறுக்குக் கம்பி இடிக்கிறது என்று ஆயில் பானை மாற்றியிருப்பீர்கள். உறிஞ்சுகுழாயை மாற்றியிருக்க மாட்டீர்கள். பானின் ஆழப் பகுதி எங்கே இருக்கிறதோ அங்கே உறிஞ்சுகுழாயின் வலை இருக்க வேண்டும். வலைக்கும் பானின் தரைக்கும் இடையே கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான இடைவெளி போதும். பானுக்குள் களிமண் உருண்டையை ஒட்டிவைத்து, பானைத் தூக்கிப் பொருத்திக் கழற்றினால் உருண்டை நசுங்கிய அளவு அந்த இடைவெளியைக் காட்டிவிடும்.

*குளிரில் சரி, சூடானதும் 10-க்குக் கீழே*

ஆயிலின் தடிமனையும் ஃபில்டரையும் மாற்றிப் பார்த்தபின்னும் இப்படியே இருந்தால் பேரிங் இடைவெளி மிகுந்துள்ளது. கிராங்க்ஷாஃப்டைத் தேய்க்காமல் பழைய பேரிங்கை மட்டும் மாற்றியவர்களுக்கு இதுவே நேர்கிறது. ஒரு மெயின் பேரிங் மூடியையும் ஒரு ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) மூடியையும் கழற்றி, நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து, மெயினை 65 அடி-பவுண்டுக்கும் ராடை 35 அடி-பவுண்டுக்கும் இறுக்கிக் கழற்றி அகலத்தை அளந்து பாருங்கள். 0.003 அங்குலத்துக்கு மேல் போனால் இது வீட்டு வேலையல்ல. கிராங்க்கைப் பட்டறைக்கு அனுப்புங்கள். தடித்த ஆயில் ஊற்றிச் சமாளிப்பது சில வாரங்களைத்தான் தரும். அதற்குப்பின் கிராங்க்கே மிஞ்சாது.

தட்டல் ஒலி

*மேலே, லேசான டிக்டிக்*

டேப்பட் என்று முடிவுகட்டும் முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். விரிசல் வழியே புகை கசியும் ஒலி டேப்பட் ஒலியை அப்படியே ஒத்திருக்கும்; சூடானதும் குறைந்தால் அது பெரும்பாலும் கசிவே. விரிசலைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். அடுத்து ராக்கர் நட்டை மேலே சொன்ன முறையில் சரிசெய்யுங்கள்.

*டிக்டிக் ஒலியோடு கார்புரேட்டரில் பட்பட்டென்று வெடிப்பு*

புதிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் ஒரு மேடு தேய்ந்து தட்டையாகிவிட்டது என்று அஞ்ச வேண்டும். எக்ஸாஸ்ட் மேடு தேய்ந்தால் எரிந்த வாயு வெளியேற வழியின்றி, இன்டேக் திறக்கும்போது திரும்பி வந்து வெடிக்கும். டயல் கேஜை ஒவ்வொரு புஷ்ராடின் மேலும் வைத்து எழும்பும் உயரத்தை அளந்தால், தேய்ந்த மேடு தனித்துத் தெரியும். இது நேராமல் தடுப்பது முதல் அரை மணி நேரம்தான்: கேம் மேடுகளுக்கு ஆயில் கிராங்க் சுழன்று தெறிப்பதால் கிடைக்கிறது, ஐடிலில் அது போதாது. ஆகவே புதிய கேமோடு முதல்முறை பிடித்ததும், துத்தநாகக் கூட்டு மிகுந்த ஆயிலோடு, 2000 ஆர்.பி.எம். அளவில் சற்று ஏற்றியும் இறக்கியும் 20 முதல் 30 நிமிடம் ஓடவிட வேண்டும்.

*கீழே, கனமான டொக்டொக்*

அணைத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால், அதை எஞ்சினோடு இணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டின் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா என்று மட்டும் பார்க்கலாம். அதுவும் ராட் தட்டுவதுபோலவே ஒலிக்கும். அவை இறுக்கமாக இருந்தால் ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்து, வெயிலில் திருப்பிப் பாருங்கள். பளபளக்கும் துகள்கள் மின்னினால் எஞ்சினை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை.

சூடேறுகிறது

மெதுவாகப் போகும்போது மட்டும் என்றால் காற்று போதவில்லை: விசிறியைச் சுற்றி மறைப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு டைமிங் பிந்தியிருக்கிறதா என்று பாருங்கள். வேகமாகப் போகும்போது மட்டும் என்றால் நீர் போதவில்லை: பம்ப் உறிஞ்சும்போது கீழ்க் குழாய் சப்பிப்போகிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போதும் சூடேறினால் தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று சோதியுங்கள். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த பிளாக்காக இருந்தால், நீளமான நீர் அறையின் பின்கோடியில், ஆறாவது சிலிண்டரைச் சுற்றித் துருச் சேறு இறுகியிருக்கும். பின்பக்க கோர் பிளக்கை (நீர் அறையின் துளையை அடைக்கும் உலோக மூடி) கழற்றி, வளைந்த கம்பியால் கிளறித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கட்டும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ரேடியேட்டரில் குமிழ்கள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டின் தளத்தைச் சோதித்தபின்பே புதியதை வைத்து 95 அடி-பவுண்டுக்கு மூன்று படிகளில் இறுக்குங்கள்.

புகை

கறுப்பு என்றால் கார்புரேட்டர். வெள்ளையாகவும், எஞ்சின் சூடான பின்னும் நிற்காமலும் இருந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது விரிசல். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலமாக ஒரு கொத்து வந்தால் வால்வு சீல். அது மலிவான வேலை. இழுக்கும்போது நீலமாக இருந்தால் ரிங். புதிதாகக் கட்டியதாக இருந்தால் சில நூறு மைல் ஓடி ரிங் படியும்வரை பொறுத்துப் பாருங்கள்.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை

முதலில் ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கச் சொல்லிவிட்டு, கார்புரேட்டருக்குள் திராட்டில் தகடு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நாமே செய்த லிங்கேஜில் பாதிதான் திறக்கும் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்து டேம்பர். அதன் நடுவில் உள்ள ரப்பர் வளையம் பழையதாகி வெளிவளையம் நழுவியிருந்தால், டைமிங் லைட் காட்டுவது பொய்யாகிவிடும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப்பரைத் திருகி, கிராங்க்கைக் கையால் இருபுறமும் தடுக்கும்வரை திருப்பி, இரண்டு இடத்திலும் டேம்பரில் கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் சரிநடு பழைய குறியோடு ஒத்துப்போகாவிட்டால் டேம்பரை மாற்றுங்கள்.

இரண்டும் சரியாக இருந்து, கம்ப்ரஷனும் ஆறிலும் ஒரே அளவாகத் தாழ்ந்திருந்தால், கேம் பல்சக்கரம் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். முன்மூடியைக் கழற்றி, இரு சக்கரங்களின் புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஃபைபர் சக்கரமாக இருந்தால் பற்களின் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். உதிர்ந்தால் அதன் நாள் முடிந்தது. இந்தச் சக்கரம் கேமின் மேல் பிரஸ்ஸால் ஏற்றப்பட்டது. அதை மாற்ற, சக்கரத்தின் துளைகள் வழியே தெரியும் இரு திருகுகளைக் கழற்றி, கேமை முழுதும் வெளியே உருவி, பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். கேமை உருவும் முன் டேப்பட்டுகளை எடுக்கும்போது, எது எந்த மேட்டில் ஓடியதோ அது அதே மேட்டுக்குத்தான் திரும்பப் போக வேண்டும். ஒரு டஜன் முட்டை வைக்கும் அட்டையில் 1 முதல் 12 வரை எழுதி, முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றையும் அதன் குழியில் வைத்துவிடுங்கள்.